ஆகாத காய்

கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவுத் தண்ணீர்.
மூலக்கொத்தளம் சுற்றிக்கொண்டு
ஒன்றேகால் மணிநேரம் பிந்தி வந்தார்கள்.
மாப்பிள்ளையின் செருப்பு கையில் இருந்தது.

மெஸ்காரன் புடலங்காய்க்குப் பதில்
சுரைக்காய்க் கூட்டு அனுப்பிவிட்டான்.
மூடியைத் திறந்ததும் அம்மா இரண்டடி பின்வாங்கினாள்.
எங்கள் வகையறாவில் சுரைக்காய் ஆகாது.
கொடி ஏற்ற மாட்டோம், விதை தொட மாட்டோம்,
மார்க்கெட்டில் அது கிடக்கும் பக்கம்
பையைத் தூக்கிப் பிடித்து நடப்போம்.
'நமக்குத்தானே ஆகாது, அவங்களுக்கு வை'
என்றார் தவசி சித்தப்பா.

வைத்தேன்.
வேலுமயில் அம்மாள் இலையின் அந்த மூலையை மட்டும்
புத்தகத்துக்கு அடையாளம் வைப்பதுபோல மடித்தார்.
'தப்பா நெனைக்காதீங்க. எங்க ஆளுங்களுக்கு இது ஆகாது.'

'உங்களுக்குமா?'

சித்தப்பா எங்கள் கதையைச் சொன்னார்:
ரங்கூனில் குண்டு விழுந்த வருசம்.
மூன்று மாதம் நடை. குறுக்கே சிந்த்வின் ஆறு.
அழகுமலையான் வயிற்றில் சுரைக்குடுக்கை கட்டிக் கரையேறினார்.
கட்டாத மூன்று பேர் ஏறவில்லை.
உயிர் தந்த காயை உலையில் போடலாமா?
(இந்த இடத்தில் எப்போதும் தண்ணீர் குடிப்பார்.
இப்போதும் குடித்தார்.)

அவர்கள் கதையில் ஆறே இல்லை.
ஏழு அண்ணன்மார், ஒரு தங்கச்சி.
பஞ்சத்தில் அவள் பங்குக் கூழையும் அண்ணன்களே குடித்தார்கள்.
அவளைப் புதைத்த இடத்தில் ஒரு கொடி.
முதல் காயை அரிந்தபோது பால் வாசம்.
அதற்குப் பிறகுதான் கப்பல்,
அதற்குப் பிறகுதான் பர்மா.

'ஒரே காய்னா ஒரே ரத்தம்.
பங்காளிக்கே பொண்ணு குடுக்கறதா?'
'கதை வேறயில்ல?'
'நடந்து வந்த கதை.
நடந்தா செருப்பு தேயாதா?'

அப்பா பெட்டியிலிருந்து தாளை எடுத்தார்.
அறுபத்தைந்தில் கொடுத்தது, பூச்சி அரித்தது.
சொந்த ஊர் என்ற கட்டத்தில் 'மதராஸ்'.
கப்பலைக் கயிறு கட்டிய இடத்தையே
ஊர் என்று எழுதிவிட்டான் குமாஸ்தா.
'ஏட்டுச் சுரைக்காய்…' என்று ஆரம்பித்த யாரோ
அந்தச் சொல்லிலேயே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நான் துறைமுகத்தில் கன்டெய்னர் எண் சரிபார்ப்பவள்.
நாலு எழுத்து, ஏழு எண்.
கடைசி எண், மற்றதெல்லாம் பொய்யில்லை
என்பதற்குச் சாட்சி.
எந்தக் கடல் சுற்றி வந்தாலும்
யாருடைய பெட்டி என்று நொடியில் சொல்வேன்.
அன்று சுவரோரம் நின்று
இரண்டு வீட்டாரையும் படித்துப் பார்த்தேன்.
பத்தும் உப்புக்காற்றில் உதிர்ந்துபோய்
சாட்சி எண் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

'பேசிட்டுச் சொல்றோம்.'
வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.
சித்தப்பா இரண்டு குலத்தையும் சேர்த்து
ஒரு கோடு வரைந்துகொண்டிருந்தார், காலண்டரின் பின்பக்கம்.
கோடு கடல்வரை போய்த் தாளுக்கு வெளியே விழுந்தது.

பதினொன்று பத்துக்கு அவரிடமிருந்து மெசேஜ்:
'கேரேஜ் கேன்டீன்ல வெள்ளிக்கிழமைன்னா சுரைக்காய்தான்.
ஆறு வருசமா சாப்பிடறேன்.
அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.'

கொட்டுவதற்கு யாரும் கைவைக்காத பாத்திரம்
சமையலறையில் அப்படியே இருந்தது.
விளக்கைப் போடவில்லை.
ஒரு கரண்டி.
அழகுமலையான் வந்து கையைத் தட்டிவிடவில்லை,
அந்தத் தங்கச்சியும் அழவில்லை.
ஆறின பருப்பும் தண்ணீரும் சேர்ந்த ஏதோ ஒன்று.
முப்பத்தொரு வருசம் இதற்கா பயந்தேன்?
இருந்தாலும் நாக்கு கொஞ்ச நேரம்
என்னுடையதாக இல்லை.

கையைக் கழுவிவிட்டு அவருக்கு எழுதினேன்:
'உங்க கேன்டீன்ல
உப்பு சரியா இருக்குமா?'